பயிற்சியாளர் பாஸ்கரனை எதைக் கொண்டு மதிப்பிடுவது?

கேள்வி (மலர்க்குழு):
எங்கள் கல்லூரி ஹாக்கி அணியின் ஆண்டு மலருக்காகச் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரனைப் பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது வரை தடையின்றி எழுதிவிட்டேன். பயிற்சியாளர் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏழாம் இடம், 2006 உலகக் கோப்பையில் பதினொன்றாம் இடம். ஆட்டக்காரராக வென்றவர், பயிற்சியாளராகத் தோற்றார் என்று எழுதுவது முறையாகுமா?

மறுமொழி (எழும்பூர் ரசிகர்):
முறையாகாது என்பதே என் கருத்து. சிட்னியில் போலந்தை வென்றிருந்தால் நாம் அரையிறுதிக்குப் போயிருப்போம். 1-0 என முன்னிலையில் இருந்த அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டது, அத்தோடு எல்லாம் முடிந்தது. தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்த என் தந்தையார், ஆட்டம் முடிந்து வெகுநேரமாகியும் நாற்காலியை விட்டு எழவில்லை. மாஸ்கோ இறுதியாட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். 3-0 என்றிருந்த ஆட்டத்தில் ஸ்பெயின் இரண்டு கோல்களைத் திருப்பியது. நம் முகமது ஷாஹித் நான்காவதை அடித்த பிறகும் ஸ்பெயின் மூன்றாவதைப் போட்டது. 4-3 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வென்றோம். அங்கே கடைசி நிமிடங்கள் தாங்கின, இங்கே தாங்கவில்லை. மாஸ்கோவில் பாஸ்கரன் மட்டையோடு களத்தில் இருந்தார். சிட்னியில் எல்லைக்கோட்டுக்கு வெளியே இருந்து பார்க்கத்தான் முடிந்தது.

மறுமொழி (பழைய கோல்கீப்பர்):
சிட்னி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் 2006-ஐ அப்படித் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாகில் நடந்த அந்த உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பதினொன்றாவதாக வந்ததற்குப் பயிற்சியாளரும் பொறுப்பேற்கத்தான் வேண்டும். அவர் மீது மதிப்பு வைத்திருப்பதாலேயே இதைச் சொல்கிறேன். அதே சமயம், நம் நாட்டில் பயிற்சியாளர் நாற்காலி எவ்வளவு ஆட்டங்கண்டது என்பதையும் எழுதுங்கள். மாஸ்கோவில் பாஸ்கரனோடு ஆடிய எம்.கே. கௌசிக், 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் பயிற்சியாளராக 32 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்தார். அந்த வெற்றிக்குப் பின்னும் அவரைப் பதவியில் விட்டுவைக்கவில்லை. தங்கம் வாங்கித் தந்தவருக்கே அந்தக் கதி என்றால், அடுத்து வருபவர் நான்கு ஆண்டுத் திட்டம் எதை நம்பிப் போடுவார்?

மறுமொழி (எழும்பூர் ரசிகர்):
ஒன்றை விட்டுவிட்டோம். 1997-இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் இறுதியாட்டம் வரை சென்று, ஆஸ்திரேலியாவிடம் தோற்ற நம் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். இளைஞர்களைக் கையாள்வதில் அவருக்கிருந்த திறமைக்கு அதுவே நல்ல சான்று.

மறுமொழி (மலர்க்குழு):
இருவருக்கும் நன்றி. "தோற்றார்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பயிற்சியாளர் பகுதியை மில்டன் கீன்ஸிலிருந்து தொடங்கி, போலந்து ஆட்டத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குகிறேன்; 2006-ஐயும் மறைக்காமல் எழுதுகிறேன்.