கடற்கரைத் தாரும் மான்டரே பாறையும்

*கவிதா:* பெரியப்பா, கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கோல் ஆயில் பாயிண்ட் கடற்கரையில் நடந்தால் காலில் தார் அப்பிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்தால்தான் போகிறது. கடலுக்குள் தெரியும் எண்ணெய்க் கிணற்று மேடைகளிலிருந்துதான் இது கசிகிறதா?

*பெரியப்பா:* பெரும்பாலும் இல்லை, கவிதா. அங்கே கடலடியிலிருந்து எண்ணெய் இயற்கையாகவே கசிகிறது. கிணறு தோண்டும் காலத்துக்கு வெகு முன்பே சுமாஷ் பழங்குடியினர் அந்தத் தாரைப் பைன் பிசினோடு காய்ச்சிப் படகுப் பலகைகளின் இடுக்குகளை அடைத்தார்கள். அந்த எண்ணெயின் பிறப்பிடம் மான்டரே பாறைத்தொகுதி. மயோசீன் காலத்தில், ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை, ஆழத்திலிருந்து சத்து மிகுந்த நீர் மேலெழுந்துகொண்டே இருந்ததால் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் கடலில் பெருகின. அவை மடிந்து, ஆக்சிஜன் குறைந்த கடற்படுகையில் முழுவதும் மட்கிப்போகாமல் படிந்தன.

*செந்தில்:* பாசி எப்படிப் பாறையாகும், மாமா?

*பெரியப்பா:* டயாட்டத்தின் ஓடு சிலிக்காவால் ஆனது, செந்தில். ஓடுகள் சேர்ந்து உண்டாகும் டயாட்டமைட் வெளுப்பானது, கையில் கனமே தெரியாது, நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஓட்டின் சிலிக்கா முதலில் ஓப்பல் என்னும், படிகமாகாத வடிவில் இருக்கும். ஆழமும் வெப்பமும் கூடக்கூட அது இன்னொரு வகை ஓப்பலாகி, பின்பு குவார்ட்ஸாகி, தட்டினால் கண்ணாடிபோல் தெறிக்கும் செர்ட் என்னும் கடினப் பாறை ஆகிறது. எனக்கு இந்தப் பாறை மீது தீராத வியப்பு உண்டாவது இந்த இடத்தில்தான். உடன் புதைந்த உயிர்ப்பொருள் கந்தகம் மிகுந்த கனத்த எண்ணெயாகிறது. ஓடுகளோ நொறுங்கும் பாறையாகி, அதன் விரிசல்களிலேயே அந்த எண்ணெய்க்கு இடம் கொடுக்கின்றன. எண்ணெயை ஈன்ற பாறையே அதைத் தாங்கும் பாறையாகவும் இருப்பது எல்லா எண்ணெய் வயல்களிலும் காணக்கூடியதன்று.

*செந்தில்:* அப்படியானால் அங்கே ஏராளமாக எடுக்கலாமே?

*பெரியப்பா:* அப்படித்தான் முதலில் கணக்கிட்டார்கள். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2011இல் வெளியிட்ட மதிப்பீடு, மான்டரே ஷேல் என்று அழைக்கப்படும் இந்தப் பாறையிலிருந்து 1,540 கோடி பீப்பாய் எடுக்க முடியும் என்றது. 2014இல் அதையே 60 கோடியாகக் குறைத்தது. காரணம் பாறை அடுக்குகளின் அமைப்பு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள பாக்கன் என்னும் எண்ணெய்ப் பாறையின் அடுக்குகள் பெரும்பாலும் கிடையாக விரிந்திருப்பதால், கிடைமட்டமாகத் துளையிட்டுப் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கலாம். கலிபோர்னியாவிலோ நிலத்தட்டுகள் உரசும் எல்லையில் மான்டரே அடுக்குகள் மடிந்தும் பிளந்தும் கிடக்கின்றன. எண்ணெயில் ஒரு பகுதி அந்தப் பிளவுகள் வழியே எப்போதோ வெளியேறி, மேலே உள்ள மணற்பாறைகளுக்கும் கடலடிக்கும் போய்விட்டது. கவிதாவின் காலில் ஒட்டியதும் அதில் சேர்ந்ததுதான்.