ஒசாகாவில் இரவு தூங்கினால் மட்டும் போதுமா?

மலர்விழி
வரும் நவம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு ஜப்பான் போகிறேன். அம்மாவுக்கு 68 வயது. சமதரையில் நன்றாக நடப்பார். படி ஏறினால் முழங்கால் வலிக்கும். சுத்த சைவம். ஒசாகாவில் நான்கு இரவுகளுக்கு அறை எடுத்திருக்கிறேன். போய் வந்த ஓர் அலுவலக நண்பர், "ஒசாகாவில் பார்க்க ஒன்றுமே இல்லை. பகலெல்லாம் கியோட்டோ, நாரா என்று சுற்றிவிட்டு, தூங்க மட்டும் ஒசாகாவுக்கு வாருங்கள்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 27 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரில் பார்க்க ஒன்றுமே இருக்காதா?

கல்வெட்டுக் காதலன்
உங்கள் நண்பர் சொன்னது சரி. பழைய கட்டடங்களைப் பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவன் நான். ஒசாகாவில் இரண்டு நாட்களைச் செலவிட்டேன். இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை.

ஒசாகா கோட்டை என்று படங்களில் பார்க்கிறீர்களே, அந்த வெள்ளைக் கோபுரம் 1931இல் கான்கிரீட்டால் கட்டப்பட்டது. உள்ளே மின்தூக்கி ஓடுகிறது, கண்ணாடிப் பெட்டிகள் இருக்கின்றன. ஒரு பழைய மரத்தூண் கூட இல்லை. ஷிதென்னோஜி கோயிலை 593இல் ஷோதொகு இளவரசர் நிறுவினார் என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதுகின்றன. அங்கிருந்த ஐந்தடுக்குக் கோபுரம் 1934ஆம் ஆண்டுப் புயலில் விழுந்தது. திரும்பக் கட்டியது 1945 குண்டுவீச்சில் எரிந்தது. இன்று நிற்பது போருக்குப் பிந்திய கான்கிரீட். இதற்கா கடல் கடந்து போக வேண்டும்?

ஒசாகாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஹிமேஜி. 1609இல் கட்டி முடித்த மரக்கோட்டை, அன்று நின்றபடியே நிற்கிறது. நாரா பக்கம் போனால் ஹோரியூஜி. உலகிலேயே மிகப் பழைய மரக் கட்டடங்கள் அங்கேதான் இருக்கின்றன. உண்மையானவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நகலுக்கு ஏன் ஒரு நாளைக் கொடுக்க வேண்டும்?

ஒசாகாவாசி
ஒன்பது ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன். "நகல்" என்ற சொல் என்னைச் சுடுகிறது. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

போர்த்தலைவர் தொயொதோமி ஹிதெயோஷி 1583இல் இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1615இல், அவருக்குப் பின் ஆட்சியைப் பிடித்த தொக்குகாவா குலத்தின் படை அதை அழித்தது. தொக்குகாவாக்கள் தாங்களே ஒரு கோட்டையை மறுபடி எழுப்பினார்கள். 1665இல் இடி விழுந்து அதன் கோபுரம் எரிந்தது. அதன்பின் 260 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கோபுரமே கிடையாது. மீண்டும் கட்டலாம் என்று முன்மொழிந்தவர் நகர மேயர் செகி ஹாஜிமே. பணம் கொடுத்தவர்கள் ஊர்மக்கள். சுமார் ஆறே மாதத்தில் 15 லட்சம் யென் நன்கொடை சேர்ந்தது. கோட்டை வளாகமோ அப்போது இராணுவத்தின் கையில் இருந்தது. எனவே இராணுவத்துக்கு ஒரு புதிய தலைமையகமும் கட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. திரட்டிய பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போயிற்று. எஞ்சியதில் எழுந்ததுதான் அந்தக் கோபுரம்.

ஹிதெயோஷியின் கோபுரம் 32 ஆண்டுகள் கூட நிற்கவில்லை. தொக்குகாவா கோபுரம் 40 ஆண்டு அளவில் போய்விட்டது. ஊர்மக்கள் கட்டியது 1945ஆம் ஆண்டின் குண்டுகளையும் தாங்கி, 90 ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. அந்த இடத்தில் இவ்வளவு காலம் நின்ற கோபுரம் வேறு இல்லை. அதை நகல் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. கியோட்டோவுக்கு எல்லோரும் ஓடுவது பொற்கோயிலைப் பார்க்க. அந்தக் கின்காகுஜி 1950இல் தீ வைக்கப்பட்டு எரிந்தது. இப்போது இருப்பது 1955இல் கட்டியது. எங்கள் கோபுரத்தைவிட 24 ஆண்டுகள் இளையது. அதன் முன்னால் நின்று யாரும் நகல் என்று முகம் சுளிப்பதில்லை.

மலர்விழி, ஹிமேஜி பற்றி ஒரு வார்த்தை. நான் போற்றும் கோட்டை அது. ஆனால் காலணியைக் கழற்றிவிட்டுச் செங்குத்தான மரப்படிகளில் தளம் தளமாக ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலை நினைத்து முடிவெடுங்கள்.

கல்வெட்டுக் காதலன்
கின்காகுஜி கணக்கை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மரத்தை மரத்தாலேயே திரும்பக் கட்டியது. முன்பு செய்த அதே வேலையை, அதே கைத்தொழிலைத் தச்சர்கள் மறுபடி செய்தார்கள். கான்கிரீட்டில் வார்ப்பது வேறு. ஒசாகா கோபுரத்தின் கீழ் நான்கு அடுக்குகள் தொக்குகாவா பாணி வெள்ளை. உச்சி அடுக்கு மட்டும் தொயொதோமி பாணியில் கறுப்பும் பொன்னும். வரலாற்றில் ஒருநாளும் இருந்திராத ஒரு கலப்பு அது. ஊர்மக்கள் அன்போடு பணம் கொடுத்தார்கள் என்பதற்காக அது பழங்காலக் கோட்டையாகிவிடாது.

கட்டணமும் 2025 ஏப்ரலில் 600 யென்னிலிருந்து 1200 யென் ஆகிவிட்டது.

தாரிணி
இரண்டு பேரும் கோபுரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டவர் அம்மாவோடு போகிறார். நானும் என் மாமியாரோடு போய் வந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

டோடோன்போரி கால்வாய்க்கரையை மாலையில் ஒரு முறை பார்த்தால் போதும். ஓடும் மனிதன் விளம்பரப் பலகையை 1935இல் முதன்முதலில் அங்கே வைத்தார்கள். இப்போதுள்ளது 2014இல் வைத்தது. அதன் முன்னே படம் எடுக்க நெருக்கியடிக்கும் கூட்டத்தில் வயதானவர்களை நிறுத்தாதீர்கள். அங்கிருந்து ஓரிரு நிமிட நடையில் கல் பாவிய குறுகிய சந்துக்குள் ஹோசென்ஜி என்ற சிறு கோயில் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அள்ளி ஊற்றும் நீரால் சிலை முழுதும் பாசி படர்ந்து, முகம் கூடத் தெரியாது. அந்தத் தெய்வம் ஃபுதோ. இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன அசலன்தான். என் மாமியார் தாமாகவே அகப்பையை எடுத்து நீர் வார்த்துவிட்டு, "நம் அபிஷேகம்தானே" என்றார். பயணம் முழுவதிலும் அவர் அதிக நேரம் நின்ற இடம் அதுதான்.

சாப்பாட்டில் கவனம். ஒசாகா தின்பண்டங்களால் பெயர் பெற்ற ஊர். சைவர்களுக்கு அதுவே தொல்லை. தகோயாகி என்றால் ஆக்டோபஸ். முட்டைக்கோஸ் அடை போன்ற ஒகோனோமியாகியில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும், மாவைக் கரைக்கும் சாற்றில் காய்ந்த மீன் சேர்ந்திருக்கும். ஒரு கடையில் "காய்கறி மட்டும்" என்று உறுதி சொல்லித் தந்த நூடுல்ஸிலும் மீன் சாறு இருந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை; அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை. அந்தச் சாற்றுக்குத் தாஷி என்று பெயர். "தாஷி இல்லாமல்" என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாவைக்கூத்து ரசிகன்
நவம்பர் என்கிறீர்கள், மலர்விழி. அந்த மாதத்தில் ஒசாகா தேசிய புன்ராகு அரங்கில் வழக்கமாக நிகழ்ச்சி நடக்கும்; ஆண்டு முழுதும் நடப்பதில்லை என்பதால் தேதியை முன்பே பார்த்துவிடுங்கள்.

புன்ராகு பொம்மலாட்டம் இந்த ஊரில் வளர்ந்த கலை. 1684இல் தகெமோதோ கிதாயு டோடோன்போரியில் அரங்கு திறந்தார். ஒரு பொம்மையை மூன்று பேர் இயக்குகிறார்கள்: தலைக்கும் வலக்கைக்கும் ஒருவர், இடக்கைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். காலுக்குப் பத்து ஆண்டு, இடக்கைக்குப் பத்து ஆண்டு பழகிய பிறகுதான் தலை என்பார்கள். இயக்குகிறவர்கள் மேடையில் நம் கண்ணெதிரே நிற்கிறார்கள். தலையைப் பிடித்திருப்பவரின் முகம் கூடத் திறந்தே இருக்கும். சற்று நேரத்தில் அந்த மூவரும் பார்வையிலிருந்து மறைந்து, பொம்மை மட்டும் மூச்சு விடுகிறது. பக்கவாட்டு மேடையில் ஒருவர் எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் கதை சொல்ல, அருகில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியம் ஒலிக்கும். மொழி தெரியாதவர்களுக்குக் காதில் மாட்டும் விளக்கக் கருவி வாடகைக்கு உண்டு.

சிக்கமத்சு மொன்சாயெமொன் 1703இல் எழுதிய "சொனெசாகி ஷின்ஜூ" நாடகம், அதே ஆண்டு இந்த ஊரில் ஒரு கடைச் சிப்பந்தியும் அவன் காதலியும் சேர்ந்து உயிர்விட்ட உண்மை நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது. அவர்கள் இறந்த இடத்துக் கோயில், உமேதா கட்டடக் காட்டுக்குள் இன்னும் இருக்கிறது. பெண்ணின் பெயராலேயே ஓஹாத்சு தென்ஜின் என்று அழைக்கிறார்கள். கல்வெட்டுக் காதலன் ஐயா, உண்மையானது வேண்டும் என்கிறீர்கள். மரத்தில்தான் அது இருக்க வேண்டுமா? அந்தக் கைகளில் இருப்பது உண்மையில்லையா?

கல்வெட்டுக் காதலன்
தம்பி, அதை மறுக்கவில்லை. நான் போனபோது நிகழ்ச்சி நடக்கும் மாதமில்லை. அரங்கின் வாசலோடு திரும்பினேன். இருந்தாலும் என் கேள்வி கட்டடங்களைப் பற்றியது. குண்டில் தப்பிய பழைய கட்டடம் ஒன்றையாவது ஒசாகாவில் காட்டுங்கள். பார்க்காதது என் பிழை என்று எழுதிவிடுகிறேன்.

ஒசாகாவாசி
ஒன்றல்ல, மூன்று சொல்கிறேன்.

முதலாவது, கிதஹாமா அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கும் தெகிஜுகு. மருத்துவர் ஒகாதா கோஆன் 1838இல் தொடங்கிய, டச்சு மொழி வழியாக மேலைநாட்டு அறிவைக் கற்பித்த பள்ளி. நவீன ஜப்பானின் பெரிய கல்வியாளரான ஃபுகுசாவா யுகிச்சி படித்தது இங்கேதான். வீடு மரவீடு, போரில் தப்பியது. மாடியில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு பாய் அளவு இடத்தில் படுத்துப் படித்த பெரிய அறை இருக்கிறது. நடுத்தூணில் அவர்கள் வாளால் வெட்டிய தழும்புகளைக் காணலாம். பக்கத்தில் ஒரு சிறு அறை: பள்ளிக்கே பொதுவாக இருந்த கையெழுத்து டச்சு அகராதிக்கு முறை வைத்துக் காத்திருந்தார்கள். (மாடிப்படி ஏணி போலச் செங்குத்து. அம்மா கீழ்த்தளத்தையும் தோட்டத்தையும் பார்க்கட்டும்.)

இரண்டாவது, சுமியோஷி தைஷா. நான்கு மூலக்கோயில்களும் 1810இல் கட்டிய மரக்கட்டடங்கள், நாட்டின் தேசியச் செல்வங்கள். மூன்று ஒன்றன்பின் ஒன்றாகவும் நான்காவது பக்கவாட்டிலும் மேற்கே கடலைப் பார்த்து நிற்பதைக் கப்பல் வரிசைக்கு ஒப்பிடுவார்கள். முன்காலத்தில் சீனத்துக்குத் தூது போனவர்கள் இந்தக் கடல் தெய்வங்களை வணங்கிவிட்டே புறப்பட்டார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. வளைபாலம் மிகவும் செங்குத்து. ஆனால் பக்கத்தில் சமதள வழி உண்டு. தென்னோஜியிலிருந்து பழைய டிராமில் போங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, நகானோஷிமா பொதுமண்டபம். இதை எழுதாமல் என்னால் இருக்க முடியாது. இவாமோதோ எய்னோசுகே என்ற பங்குத் தரகர் 1911இல் ஊருக்குப் பொதுமண்டபம் கட்ட 10 லட்சம் யென் கொடுத்தார். கட்டுமானம் நடக்கையிலேயே சந்தையில் பெரும் இழப்பு. கொடுத்ததில் கொஞ்சமாவது திருப்பிக் கேட்கும்படி அருகிலிருந்தவர்கள் வற்புறுத்தியும் அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். 1916இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மண்டபம் 1918இல் திறக்கப்பட்டது. செங்கற்சுவரும் வில்வளைவு முகப்புமாக இரண்டு ஆற்றுக் கிளைகளுக்கு நடுவே அது இன்றும் நிற்கிறது. இன்றும் அங்கே கச்சேரி நடக்கிறது.

கல்வெட்டுக் காதலன்
தெகிஜுகு பற்றி எனக்குத் தெரியாது. நான் தங்கிய விடுதியிலிருந்து நடக்கும் தூரம்தான். பார்க்காதது என் பிழை.

ஒசாகாவாசி
உங்கள் பெயரைப் பார்த்ததும் கேட்க நினைத்தேன். கோட்டையில் கற்சுவர்களைப் பார்த்தீர்களா? 1620 முதல் 1629 வரை 60க்கும் மேற்பட்ட சிற்றரசர்கள் ஆளுக்கொரு பகுதியாகக் கட்டியவை. யார் கொண்டுவந்த கல் என்று தெரிய அவரவர் குறியைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சகுராமொன் வாயிலின் உள்ளே உள்ள "ஆக்டோபஸ் கல்" ஒற்றைக்கல். முகப்பு சுமார் 60 சதுர மீட்டர், எடை 108 டன் என்று மதிப்பிடுகிறார்கள். கோபுரத்தின் பின்பக்கம் போனால் 1945ஆம் ஆண்டின் குண்டு அதிர்ச்சியில் நெகிழ்ந்த கற்களும், விமானத் துப்பாக்கி துளைத்த தழும்புகளும் அப்படியே இருக்கின்றன. ஹிதெயோஷி காலத்துச் சுவரோ தொக்குகாவா கொட்டிய மண்ணுக்கு அடியில் புதைந்து கிடந்தது. 1959இல்தான் முதன்முதலில் கண்ணில் பட்டது. இப்போது தரைக்கடியில் இறங்கி அதன் ஒரு பகுதியைப் பார்க்கலாம். நீங்கள் சொன்ன 1200 யென்னில் அதுவும் அடக்கம்.

கல்வெட்டுக் காதலன்
அந்தக் கல்லின் முன்னால் நின்றேன். ஆனால் கோபுரத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். சிற்றரசர்களின் குறிகளை ஒன்று கூடப் பார்க்கவில்லை. இதைப் படித்ததிலிருந்து அதுதான் உறுத்துகிறது. சுவர்களுக்காக ஒரு முழுக் காலையை ஒதுக்கலாம் என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். கோபுரத்தில் ஏறுவதைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

ஒசாகாவாசி
அதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை. அடுத்த முறை வந்தால் சொல்லுங்கள் ஐயா, குறிகள் இருக்கும் சுவர்களை நான் காட்டுகிறேன்.

மலர்விழி
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் ஒசாகா, ஒரு நாள் நாரா என்று முடிவு. முதல் நாள் காலை கோட்டைச் சுவர்கள், பிறகு நகானோஷிமா, தெகிஜுகு. மறுநாள் டிராமில் சுமியோஷி, பிற்பகலில் புன்ராகு, மாலையில் ஹோசென்ஜி. கோபுரத்தில் ஏறுவதா என்று அம்மாவையே கேட்டேன். "15 லட்சம் கொடுத்தவர்கள் நம்மைப் போன்ற ஜனங்கள்தானே, உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்கிறார். மின்தூக்கி எந்தத் தளம் வரை போகும் என்று யாராவது சொல்லுங்கள்.

ஒசாகாவாசி
ஐந்தாம் தளம் வரை. அங்கிருந்து எட்டாம் தளத்துக்குப் படி ஏற வேண்டும். ஐந்தாம் தளத்தோடு நிறுத்திக்கொண்டாலும் பார்க்க நிறைய இருக்கிறது. காலையில் திறந்தவுடன் போய்விடுங்கள்.