எல்பிஜி ஆட்டோவ குடுத்துட்டு பேட்டரி ஆட்டோ எடுக்கலாமா? ஏற்காடு சவாரியும் வருது

அம்மாபேட்டை ஆட்டோ:
வணக்கம்ங்க. சேலம் ஜங்ஷன்ல ஓட்டறேன், எல்பிஜி வண்டி, 13 வருசம் ஆச்சு. போன எஃப்சிக்கே (வண்டி தகுதிச் சான்று) பெயிண்ட், மேல்தார்ப்பாய், பிரேக் ஷூன்னு கைக்காசு கரைஞ்சிருச்சு, இன்னொரு எஃப்சி தாங்காது. பையன் பேட்டரி வண்டி எடுங்கப்பா கவர்மெண்ட் மானியம் இருக்குன்றான். ஷோரூம்ல கேட்டா விலையிலயே கழிச்சாச்சுங்கன்னு ஒரு பேப்பர நீட்டறாங்க, எதுக்கு எவ்ளோ கழிச்சீங்கன்னா முழிக்கறாங்க. அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு ஏற்காடு சவாரி வரும், மூணு ஆளு, பின்னாடி பை மூட்டை. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுமா, நடுவுல நின்னா யாருங்க தள்றது?

பச்சை பிளேட்:
அண்ணா, நான் ஒன்றரை வருசமா பேட்டரி ஆட்டோ ஓட்டறேன். மானியம் பிஎம் இ-டிரைவ்னு 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, நம்ம சைஸ் ஆட்டோவுக்கு பேட்டரி கொள்ளளவுல ஒரு யூனிட்டுக்கு 5000 ரூபா கணக்கு, மொத்தம் 50,000 வரைக்கும், அடுத்த நிதியாண்டே அத பாதியாக்கிட்டாங்க. அந்த மானியம் குடுத்தப்ப வாங்கறவங்க போனுக்கு வவுச்சர் வந்துச்சு, ஆதார் முகம் காட்டி அவங்களே கையெழுத்து போட வேண்டியிருந்துச்சு. வவுச்சர் இல்லாம மானியம்னா வாய்ப்பேச்சுதான். ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட்லயே 12ல இருந்து 5 ஆச்சு, பேட்டரி வண்டிக்கு பர்மிட் வேணாம்னு 2018லயே சென்ட்ரல்ல சொல்லிட்டாங்க. நம்ம ஸ்டேட் 2023 பாலிசில ரோடு டாக்ஸ் முழுசா தள்ளுபடி குடுத்தாங்க, அதுல சேலத்தையும் ஆறு ஊர்ல ஒண்ணா இ-வாகன நகரம்னு சேர்த்தாங்க. ஆனா சாயங்காலம் ஜங்ஷன்ல சார்ஜ் கம்மியாச்சுன்னா வீட்டுக்குத்தான் ஓடணும், பாலிசி பேப்பர்ல ஊர் பேரு வந்து என்ன பண்றது.

அனல்மின் மாமா:
மேட்டூர்ல நிலக்கரி எரிச்சு எடுத்த கரண்ட்ல பேட்டரி வண்டி ஓட்டிட்டு சேலத்துல புகையே இல்லம்பாங்க. புகை ஊரு மாறிருக்கு, அவ்ளோதான் தம்பி.

செவ்வாப்பேட்டை கணக்கு:
மாமா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, கணக்கு போட்டே பாத்துருவோம். ஒரு லிட்டர் எல்பிஜி எரிஞ்சா ஒன்றரை கிலோவுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு, 18 கிலோமீட்டர் போனா கிலோமீட்டருக்கு 80 கிராம் சொச்சம். கரண்ட் நாடு முழுக்க சராசரியா யூனிட்டுக்கு 700 கிராம் வருது, சார்ஜிங்ல வீணாகறதையும் சேர்த்து யூனிட்டுக்கு 12 கிலோமீட்டர்னு வைங்க, 60 கிட்ட வரும். ஆக புகை குறையறது கால்வாசிதான், காத்தாலை சோலார் ஏற ஏற கூடும். ஆனா நாலு ரோடு சிக்னல்ல முன்னாடி நிக்கற வண்டி சைலன்சர்ல மூஞ்சிய வச்சுட்டு நிக்கறோமே, அந்தப் புகைல நம்ம வண்டியோட பங்கு மொத்தமா போயிரும். எனக்கு அதுவே பெருசு.

ஏற்காடு ஏற்றத்துக்கும் கணக்கு இருக்கு. சேலத்துக்கும் மேலுக்கும் 1200 மீட்டர் உயர வித்தியாசம், ஆளோட வண்டி 750 கிலோன்னா தூக்கறதுக்கு மட்டுமே இரண்டரை யூனிட், மோட்டார் சூட்டுல வீணாகறது தனி.

மலைமேல குளிரு:
நான் ஏற்காடுதாங்க. ஏறிடும், அண்ணா கவலப்படாதீங்க, ஆனா மூணு பேரோட ஒரே மூச்சுல அடிச்சா மோட்டார் சூடாகி வேகம் தானா கொறையும், பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான். நடுவுல ஒரு ஓரமா அஞ்சு நிமிசம் நிறுத்துங்க. யாரும் சொல்லாத விசயம் எறக்கம்தான். பேட்டரி வண்டில நம்ம கையால மாத்தற கியர் கிடையாது, ஆக்சிலரேட்டர விட்டா மோட்டாரே இழுத்துப் புடிச்சு பேட்டரிக்கு கொஞ்சம் சார்ஜ் ஏத்தும். ஆனா மேல ஃபுல் சார்ஜ் போட்டுட்டு கிளம்புனா பேட்டரில எடமே இருக்காது, அந்தப் பிடிப்பு கிடைக்காது, மொத்த பாரமும் பிரேக் ஷூ மேல விழும். பாதி சார்ஜோட எறங்குங்க.

அம்மாபேட்டை ஆட்டோ:
எல்லாருக்கும் நன்றிங்க, அந்த எறக்க விசயம் சத்தியமா தெரியாது. மத்தியானம் ஷோரூம் போனேன், வவுச்சர்னு சொன்னதும் மேனேஜர கூப்புட்டாங்க, அவரு நாளைக்கு பாக்கலாம்ங்கறாரு. இது ஒருபக்கம் இருக்கட்டும், லோனுக்கு ஒரு பைனான்ஸ்ல பழைய வண்டிக்கு கட்டுனத விட வட்டி கூட கேக்கறாங்க, ஏன்னா நாலு வருசம் கழிச்சு பேட்டரி வண்டிய என்ன விலைக்கு விக்க முடியும்னு அவனுக்கே தெரியலையாம். பச்சை பிளேட் தம்பி, நீ எங்க லோன் போட்ட, எவ்ளோ வட்டி?