தங்கச்சி டிவி காமெடிக்குப் போக வேண்டும் என்கிறாள், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: தங்கச்சிமடத்து அண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறாள், நான் ராமநாதபுரத்தில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன். தங்கச்சி பி.காம் கடைசி வருஷம்.

சின்ன வயதிலிருந்தே அவள் யாரைப் பார்த்தாலும் அப்படியே நடித்துக் காட்டுவாள். போன வருஷம் ஊர்த் திருவிழாவில் அவளே எழுதி ஏழு நிமிஷ நாடகம் ஒன்று போட்டாள். மீன் கூடையோடு பஸ் ஏறுகிற ஒரு அக்காவை நாற்றம் என்று சொல்லி கண்டக்டர் இறங்கச் சொல்வார், அக்கா இறங்க மாட்டாள், பின் சீட்டில் இருப்பவர் மெதுவாக "நகரை மீன் என்ன விலை" என்று கேட்பார், இன்னொருவர் கூட்டிக் கேட்பார், கடைசியில் பஸ்ஸே ஏலக்கூடம் ஆகி கண்டக்டரும் தனக்கு ஒரு கூறு எடுத்து வைக்கச் சொல்வார். அம்மாவுக்கு நிஜமாக நடந்ததைத்தான் அவள் அப்படி மாற்றினாள், நிஜத்தில் அம்மா அன்றைக்கு உச்சிப்புளியிலேயே இறக்கிவிடப்பட்டு வெயிலில் நின்றாள். நாடகம் பார்த்துவிட்டு ஊரே சிரித்தது, அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போய் டிவி காமெடி நிகழ்ச்சியில் நடிக்க வேண்டும், அப்புறம் சினிமா என்கிறாள். அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். எனக்கு அவளைத் தடுக்க மனசில்லை, அனுப்பவும் பயமாக இருக்கிறது. டிவியில் குட்டிக் குட்டி நாடகம் நடித்து அதையே பிழைப்பாக்கிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்களா? அவள் பேச்சு ரொம்ப "கடற்கரைப் பேச்சு", மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு ஆசிரியர் சொன்னாராம். அது சரியா?

பதில்: ராம்நாடு அக்கா

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பேச்சை மாற்றச் சொல்லாதே. தயவுசெய்து சொல்லாதே.

மனோரமாவை எல்லோரும் ஆச்சி என்று கூப்பிட்டதே செட்டிநாட்டுப் பேச்சால்தான். பிறந்தது மன்னார்குடி, வளர்ந்தது பள்ளத்தூர். அந்தப் பள்ளத்தூர் 1985-இல் சிவகங்கை மாவட்டம் பிரியும் வரை நம் ராமநாதபுரம் மாவட்டம்தான், அதனால் அவரை நம் ஊர்க்காரர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. நாடக மேடையில் தொடங்கி 1958-இல் மாலையிட்ட மங்கை வழியாக சினிமாவுக்கு வந்தார், ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து 2015-இல் மறையும் வரை நடிகையாகவே இருந்தார். காதில் விழுந்த எந்தப் பேச்சையும் அவர் விட்டதில்லை. பொம்மலாட்டம் படத்தில் அந்த மெட்ராஸ் பாஷைப் பாட்டைப் பாடியவர் பள்ளத்தூரில் வளர்ந்த பெண் என்று யாராவது சொல்லாமல் தெரியுமா?

கோவை சரளாவுக்கு ஊர்ப் பேரே பேராகிவிட்டது. சதிலீலாவதியில் (1995) கமலுக்கு ஜோடியாக, படம் முழுக்கக் கொங்குப் பேச்சோடு, ஒரு நகைச்சுவை நடிகை கதாநாயகியாக வந்தார். அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் அந்தப் பாத்திரத்தில் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார். அப்புறம் 2022-இல் செம்பி. சிரிப்பே இல்லாத மலைவாழ் பாட்டி வேடம். நாற்பது வருஷம் சிரிக்க வைத்தவர் அதில் நம்மை அழ வைத்தார்.

நம் கரையோரப் பேச்சைத் திரையில் சரியாகப் பேச ஆளே இல்லை. மதுரைப் பேச்சையே கொஞ்சம் இழுத்துப் பேசி ராமநாதபுரம் என்கிறார்கள், கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன் தங்கச்சி வாயில் இருப்பது சென்னையில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

பதில்: முன்னாள் ஸ்கிரிப்ட் ஆள்

நான் தொண்டிப் பக்கம். சென்னையில் ஒரு சேனலின் காமெடி நிகழ்ச்சியில் நாலு வருஷம் எழுதினேன், அதனால் உள்ளே எப்படி நடக்கும் என்று சொல்ல முடியும்.

வாரத்துக்கு ஒரு எபிசோட் என்றால் ஸ்கிட் (குட்டி நாடகம்) எழுத இரண்டு நாள், ஒத்திகைக்கு ஒரு நாள், அப்புறம் ஒரே நாளில் இரண்டு மூன்று எபிசோட்டை எடுத்து முடிப்பார்கள். காலையில் ஏழு மணிக்கு மேக்கப் போட்டு உட்கார்ந்தவர்களுக்கு ராத்திரி பதினொன்றுக்குத்தான் முறை வரும். அந்த நேரத்திலும் முதல் டேக்கில் இருக்க வேண்டிய உற்சாகம் இருக்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் பாதி.

பெண்களுக்கு என்று ஒரு தனிக் கஷ்டம் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் டிவி காமெடியில் பெண் வேடத்துக்கு ஆணுக்கே சேலை கட்டிவிடுகிற பழக்கம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. மீதி இருக்கிற இடத்தில் பெண்ணுக்குக் கிடைப்பது மனைவி வேடம், அவள் குண்டு, கறுப்பு, சமையல் கேவலம் என்று புருஷன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நானே அப்படி எழுதியிருக்கிறேன், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. விஜய் டிவியில் 2003-இல் தொடங்கிய லொள்ளு சபாவிலிருந்து வந்தவர்களை எண்ணிப் பாருங்கள்: சந்தானம், சுவாமிநாதன், மனோகர், சேஷு, யோகி பாபு. பெண்கள் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருகிற ஒரே பேர் மதுமிதா. அவரும் 2012-இல் ஒரு கல் ஒரு கண்ணாடியில் ஜாங்கிரியாக வந்த பிறகுதான் ஊருக்கே தெரிந்தார். அந்தப் பேர் இன்றைக்கும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது நல்லதும்தான், கெட்டதும்தான், ஏனென்றால் அதே மாதிரி வேடத்தோடுதான் அடுத்த ஆளும் வந்து நிற்பார்.

தேவதர்ஷினி போன வழி வேறு. விடாது கருப்பு மாதிரி திகில் தொடரில் நடித்துவிட்டு, ரமணி வெர்சஸ் ரமணியில் புருஷன் பெண்டாட்டி நகைச்சுவைக்கு வந்தார். அங்கே மனைவிக்கும் புருஷனுக்குச் சமமான வசனம் இருந்தது, அடி வாங்குகிற இடம் மட்டும் இல்லை. பிறகு பார்த்திபன் கனவு, 2011-இல் காஞ்சனா. அதில் அவரும் கோவை சரளாவும் மருமகள் மாமியாராகப் பயந்து ஒளிகிற காட்சிகளை நான் பாடம் மாதிரித் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கத்தும்போது இன்னொருவர் முகத்தை மட்டும் மாற்றி நிற்பார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை இழுக்க மாட்டார்கள். 96 படம், அப்புறம் தி ஃபேமிலி மேன் வெப் தொடரின் இரண்டாம் சீசனில் போலீஸ் அதிகாரி. எந்தக் கதவையும் மூடிக்கொள்ளாமல் நடித்தவர்.

தங்கச்சி தானே எழுதுகிறாள் என்று சொன்னீர்களே, அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுதத் தெரிந்த பெண் தன் வேடத்தைத் தானே செய்துகொள்வாள், அடுத்தவர் கொடுக்கும் மனைவி வேடத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அந்தப் பஸ் நாடகத்தில் நாற்றம் என்ற வார்த்தைதான் கேலி, ஆனால் கேலி மீன்காரி மேல் விழாமல் கேட்டவர்கள் மேல் திரும்புகிறது. நாலு வருஷத்தில் எங்கள் குழுவில் அப்படி ஒன்று எழுதியதில்லை.

முடிந்தால் நேராக டிவிக்குப் போகாமல் ஒரு வருஷம் நாடகக் குழுவில் இருக்கட்டும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, விமல் எல்லாம் வந்தார்கள். உடம்பும் குரலும் அங்கே பழகும்.

பதில்: கீழக்கரை மாமி

அறந்தாங்கி நிஷாவை விட்டுவிட்டீர்களே! அறந்தாங்கி நமக்குப் பக்கம்தான், எம்.பி. தொகுதிகூட ராமநாதபுரம்தான். பட்டிமன்றத்தில் பேசி, கலக்கப்போவது யாரு மேடையில் ஏறி, மாரி 2 மாதிரி படங்களுக்கும் போனார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, ஊர்ப் பேரையே முன்னால் வைத்துக்கொண்டு போனவர். உங்கள் அப்பாவிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள் தம்பி.

பதில்: மண்டபம் 61

ஒன்றே ஒன்று. யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். என் மச்சான் மகளிடம் ஆடிஷன் பதிவுக் கட்டணம், போட்டோ ஆல்பம், உறுப்பினர் அட்டை என்று ஒரு ஆள் மூன்று தவணையாக நாற்பதாயிரம் வாங்கிவிட்டு போனை அணைத்துவிட்டான். அந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்துக்கு என்று சேர்த்து வைத்த பணம் அது. நடிக்கக் கூப்பிடுகிறவர் நமக்குத்தான் காசு தர வேண்டும். முதல் தடவை போகும்போது வீட்டு ஆள் ஒருவர் கூடப் போங்கள், ஆடிஷன் ஓட்டல் ரூமில் என்றால் வாசலிலிருந்தே திரும்பி வந்துவிடுங்கள்.

பதில்: திருப்புல்லாணி ராஜபார்ட்

எல்லோரும் சென்னையைப் பற்றியே பேசுகிறீர்கள். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய வள்ளி திருமணம் போடுகிறோமே, அதில் முதல் இரண்டு மணி நேரம் என்ன? பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் எதிரெதிராக நின்று செய்கிற காமிக்தானே? எழுதி வைத்த வசனம் கிடையாது. அவன் ஒரு வார்த்தை போட்டால் அவள் அந்த நொடியே திருப்பிப் போட வேண்டும், இரண்டாயிரம் பேர் எதிரில், தூக்கம் சொக்குகிற நேரத்தில். எந்த டிவி ஒத்திகையும் இதைக் கற்றுத் தராது. தில்லானா மோகனாம்பாளில் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா வந்தது மேடையிலே ஆடிப் பிழைக்கிற ஒரு பெண்ணாகத்தான், அதனால்தான் அந்த வேடத்தில் எங்கள் மேடைப் பெண்களைப் பார்த்த மாதிரி இருக்கும்.

அந்தப் பெண்களை ஊர் மரியாதையாக நடத்துவதில்லை, அது எனக்கு முப்பது வருஷ வருத்தம். தங்கச்சியை அந்த வேலைக்கு வரச் சொல்லவில்லை. எங்கள் செட்டில் ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா இருக்கிறார், இருபத்தெட்டு வருஷம் காமிக் செய்தவர். தங்கச்சியை அழைத்து வா, ஒரு சாயங்காலம் அவரோடு பேசட்டும். பதிலடிக்கு முன்னால் எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் என்று அவர் சொல்லித் தருவார்.

கேட்டவர்: தங்கச்சிமடத்து அண்ணன்

எல்லாவற்றையும் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்கிரிப்ட் அண்ணன் எழுதியதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

நேற்று ராத்திரி அப்பா கரைக்கு வந்திருந்தார். திருவிழா அன்றைக்கு அவர் கடலில் இருந்ததால் பஸ் நாடகத்தைப் பார்க்கவே இல்லை. போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். ஏலம் வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஏலம் கூறுகிறவன் இப்படி இழுக்க மாட்டான், விலை ஏற ஏறக் குரல் வேகமாகும், கடைசி விலைக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவான்" என்றார். அப்புறம் அவரே சத்தமாகக் கூறிக் காட்டினார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சி அதை ரெக்கார்ட் செய்து வைத்திருக்கிறாள். சென்னை பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும் என்றார்.

ராஜபார்ட் அண்ணே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? அந்த அக்காவுக்கு எங்கள் வீட்டிலிருந்து நல்ல கணவாய்க் கருவாடு கொண்டு வருகிறோம்.