பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டு: இது எப்படி இயற்பியல் ஆகும்?

பள்ளிவாத்தியார்
நேற்று பிளஸ் டூ வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டான்: "சார், பூமியின் வயது என்ன என்று கேட்டால் பிரம்மாவின் ஒரு பகல் என்று எழுதலாமா? மார்க் கிடைக்குமா?" விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் அப்பா போனில் வந்த ஒரு சொற்பொழிவில் அப்படித்தான் சொன்னார்களாம். வாங்கிக் கேட்டேன். முக்கால் மணி நேரம் பேசுகிறார்கள். சாரம் இவ்வளவுதான்: பிரம்மாவின் பகல் 432 கோடி ஆண்டு, விஞ்ஞானம் சொல்லும் பூமியின் வயது 454 கோடி, இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஆகவே கடவுள் உண்டு என்று இயற்பியலே ஒப்புக்கொண்டுவிட்டது.

நான் நீறு பூசாமல் வகுப்புக்குப் போனவன் இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. 432 கோடி என்பது அந்தப் பகலின் மொத்த நீளம். அதில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. பூசைக்கு முன் காலத்தையும் இடத்தையும் சொல்கிற சங்கல்பத்தில் தினமும் சொல்கிறோமே, வைவஸ்வத மன்வந்தரம் (அந்தப் பகலின் பதினான்கு மன்வந்தரங்களில் ஏழாவது), இருபத்தெட்டாவது கலியுகம் என்று? அதைக் கூட்டினால் 197 கோடிதான் வரும். 454இல் பாதிகூட இல்லை. பகல் என்றால் பன்னிரண்டு மணி நேரம், ஆகவே இப்போது மணி பன்னிரண்டு என்று யாராவது சொல்வார்களா?

தில்லைக்கூத்தன்
வந்துவிட்டார் வாத்தியார். நம் முன்னோரைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை பேசினால் இவருக்குத் தூக்கம் வராது. 432க்கும் 454க்கும் வித்தியாசம் ஐந்து சதவீதம்கூடக் கிடையாது. தொலைநோக்கி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, உட்கார்ந்த இடத்தில் சொன்னார்கள். அதே காலத்தில் மேலை நாட்டில் உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கார்ல் சேகனே தமிழ்நாட்டுக்கு வந்து படம் பிடித்து, நவீன அண்டவியலின் கால அளவோடு பொருந்தும் ஒரே மதம் இதுதான் என்று உலகத்துக்கே சொன்னார். அவர் வெள்ளைக்காரர், விஞ்ஞானி. அவர் சொன்னாலும் உங்களுக்குப் போதாதா?

பள்ளிவாத்தியார்
சேகன் சொன்ன வாக்கியத்தை முழுதாகச் சொல்லுங்கள் தம்பி. 1980இல் வந்த காஸ்மோஸ் தொடரில் "பொருந்துகிறது" என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே "ஐயமின்றித் தற்செயலாக" என்றும் சொல்கிறார். நீங்கள் மட்டுமல்ல, அந்தப் பேச்சைச் சுற்றுக்கு விடுகிற எல்லோரும் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டிவிடுகிறீர்கள். ஏன்?

இன்னொன்று. அவர் எடுத்துக்கொண்டது பகலும் இரவும் சேர்ந்த 864 கோடி. அது பூமியின் வயதைவிடக் கூடுதல், பெருவெடிப்புக்குப் பிறகு கழிந்த காலத்தில் ஏறக்குறைய பாதி என்றுதான் அவர் சொன்னார். பூமியின் வயதும் பிரம்மாவின் பகலும் ஒன்று என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

தில்லைக்கூத்தன்
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். எனக்கு வயது 61. அப்புறம், அவர் "தற்செயலாக" என்று சேர்த்தது அவர் ஊர்க்காரர்களுக்குப் பயந்து. 432 கோடி என்ற எண்ணைக் குருட்டாம்போக்கில் எவனாவது சொல்ல முடியுமா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பாளை அருள்
ஆறாயிரம் ஆண்டு என்று எங்களை இழுத்ததால் சொல்கிறேன். கிமு 4004 என்று கணக்குப் போட்டவர் 17ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் இருந்த பேராயர் அஷர். அவர் ஆங்கிலிக்கன், கத்தோலிக்கரே அல்ல. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவரோ ஒரு கத்தோலிக்கக் குருவானவர். ஜார்ஜ் லெமெத்ர். 1923இல் குருப்பட்டம் பெற்றார். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் கட்டுரை எழுதினார், அதாவது அமெரிக்க வானியலாளர் ஹப்பிளின் 1929 கட்டுரைக்கு இரண்டு ஆண்டு முன்பே. 1931இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். அங்கியோடு கரும்பலகை முன் நின்று ஐன்ஸ்டைனோடு வாதாடிய மனிதர். பேரண்டத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு என்றால் தொடக்கி வைத்தவரும் உண்டுதானே? எண்களைக் கூட்டிக் கழித்துக் கடவுளைத் தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

தில்லைக்கூத்தன்
ஆங்கிலிக்கன் என்றால் கிறிஸ்தவர் இல்லையா? நல்ல கதையாக இருக்கிறதே. தப்பு செய்தால் அடுத்த சபை, சரியாகச் சொன்னால் எங்கள் சபை!

பாளை அருள்
நான் சொன்னது வரலாறு. படித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பள்ளிவாத்தியார்
அருள், லெமெத்ரின் கதையை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கான் அறிவியல் கழகத்தில் பேசும்போது, "ஒளி உண்டாகட்டும்" என்ற அந்த முதல் கணத்துக்கே இன்றைய விஞ்ஞானம் சாட்சி சொல்கிறது என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டு மனம் சங்கடப்பட்டவர் வேறு யாருமல்ல, லெமெத்ரேதான். தன்னுடைய கொள்கை மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நாத்திகனும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பதுதான் கடைசிவரை அவர் நிலை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ரோமில் வானியலாளர்களிடம் பேசிய போப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அதே ரோம் கூட்டத்தில் நடந்த இன்னொன்றைத் தில்லைக்கூத்தன் கேட்க வேண்டும். ஹப்பிளின் முதல் அளவீடுகளை வைத்துப் பார்த்தால் பேரண்டத்தின் வயது 200 கோடி ஆண்டு அளவில்தான் வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவையாகத் தெரிந்தன. பிள்ளை அம்மாவைவிட மூத்தது என்ற நிலை. வானியலாளர்கள் திண்டாடிப் போனார்கள். ரோமில் வால்டர் பாடே எழுந்து, தூரத்தை அளக்க உதவும் செஃபீட் விண்மீன்களில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்காமல் விட்டதால் தூரக் கணக்கே தப்பு என்றார். ஒரே நாளில் பேரண்டத்தின் வயது இரட்டித்தது. இப்போது பிளாங்க் விண்கலத்தின் அளவீட்டில் அது 1,380 கோடி அளவில் நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். நீங்கள் 1935இல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பேரண்டத்தின் வயது 200 கோடி, சங்கல்பக் கணக்கு 197 கோடி, பார்த்தீர்களா பொருந்துகிறது என்று ஊரைக் கூட்டியிருப்பீர்கள். பாடே பேசிய மறுநாள் உங்கள் பெருமான் எங்கே போய் நிற்பார்? எந்த எண் அன்றைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதை எடுத்து அவர் கழுத்தில் கட்டுகிறீர்கள். அந்த எண் விழும்போது அவரையும் சேர்த்து இழுக்கும்.

தில்லைக்கூத்தன்
நான் சொன்னது 432. நீங்கள் ஏன் 197க்கு ஓடுகிறீர்கள்? அந்த 197ம் தப்பு. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலைப் படித்திருக்கிறீர்களா? படைப்பு வேலைக்கே எடுத்துக்கொண்ட 1 கோடியே 70 லட்சத்துச் சொச்சத்தைக் கழிக்கச் சொல்கிறது. மிச்சம் 195 கோடிதான். தெரியாத விஷயத்தில் வாத்தியார் வேலை பார்க்க வேண்டாம்.

பள்ளிவாத்தியார்
சரி, 195 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 454இலிருந்து இன்னும் தள்ளித்தான் போகிறது. இது உங்களுக்கு எப்படி உதவும்?

சுயசிந்தனை
இரண்டு பக்தர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 432ஆக இருந்தால் என்ன, 197ஆக இருந்தால் என்ன? இரண்டும் மனிதன் உட்கார்ந்து பெருக்கிய எண்கள். நான்கு யுகமும் சேர்ந்த ஒரு மகாயுகத்துக்கு வைத்த 43 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டை ஆயிரத்தால் பெருக்கினால் 432 கோடி, இதில் ஞானதிருஷ்டி எங்கே வந்தது? பூமியின் வயதைக் கண்டுபிடித்தவர் கிளேர் பேட்டர்சன். விண்கல்லில் இருந்த ஈயத்தின் ஐசோடோப்புகளை அளந்து 1956இல் 455 கோடி, முன்பின் 7 கோடி என்று வெளியிட்டார். அவர் ஆய்வகத்தில் ஈயத் தூசி கலந்துவிடக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் தரையையும் சுவரையும் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு போடாமல், அதெல்லாம் எங்கள் தாத்தாவுக்கு அப்போதே தெரியும் என்பது திருட்டு. பேரண்டம் வெற்றிடத்தின் குவாண்டம் ஏற்ற இறக்கத்திலிருந்தே தோன்றியிருக்கலாம். யாரும் தொடக்கி வைக்கத் தேவையில்லை. விஷயம் முடிந்தது.

பள்ளிவாத்தியார்
பேட்டர்சனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. கடைசி இரண்டு வரியில் நீங்களும் தில்லைக்கூத்தன் செய்ததையே செய்கிறீர்கள். குவாண்டம் வெற்றிடம் என்பது ஒன்றுமில்லாமை அல்ல. அதில் புலங்கள் இருக்கின்றன, ஆற்றல் இருக்கிறது, அது இப்படித்தான் நடக்க வேண்டும் என்ற விதிகள் இருக்கின்றன. அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால் சமன்பாடு பதில் சொல்லாது. சொல்லாததாலேயே அங்கே கடவுள் இருக்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்று நீங்களும் சொல்ல முடியாது.

சுயசிந்தனை
நெற்றியில் நீறோடு வெற்றிடத்துக்கு விளக்கம். போன மார்கழியில் "எல்லாவற்றுக்கும் மேலே ஒருவன்" என்று நீங்கள் எழுதிய நாலு பக்கத்தை நான் மறக்கவில்லை சார்.

காவிரிக்கரை
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எண்ணை விடுங்கள். திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் மணிவாசகர் அண்டங்களைப் பாடும்போது "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்கிறார். வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கிற தூசியைப் போல அவ்வளவு அண்டங்களும் சிறியதாகத் தெரியும்படி அவன் பெரியவன் என்கிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஹப்பிள் சொன்ன விரிவு அந்த "விரிந்தன"வில் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுயசிந்தனை
விரிந்தன என்றால் பரந்து கிடக்கின்றன என்று பொருள் அம்மா. பாய் விரித்துக் கிடக்கிறது என்றால் பாய் விநாடிக்கு இத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்றா அர்த்தம்?

காவிரிக்கரை
எனக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டாம். இருபத்தெட்டு வருஷம் தமிழ் நடத்தியவள் நான். விரிதல் என்பது வினை. பூ விரிந்தது என்றால் மூடியிருந்தது திறந்தது என்று பொருள். பாய்க்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் திருவாசகத்தைத் தொடக்கூடாது.

தில்லைக்கூத்தன்
அப்படிச் சொல்லுங்கள் அம்மா! இவர்களுக்கு ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் வாசலில் நடராஜர் நிற்பதும் தெரியாது. அணுவை உடைக்கிற இடத்தின் வாசலில் நம்முடைய ஆடவல்லானை ஏன் வைத்தார்கள்?

பள்ளிவாத்தியார்
அம்மா, அந்தப் பாட்டு எனக்கும் உயிர். ஆனால் அதன் உயிர் தூசி உவமையில் இருக்கிறது, கோடியில் இல்லை. ஹப்பிள் தப்பாகிப் போனாலும் அந்த வரி அப்படியே நிற்கும். அதை ஏன் ஹப்பிளிடம் கொண்டுபோய் அடகு வைக்கிறீர்கள்?

தில்லைக்கூத்தனுக்கு: அந்தச் சிலை வாசலில் இல்லை. 39ஆம் 40ஆம் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. 2004 ஜூன் 18இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு, உயரம் இரண்டு மீட்டர். செர்னோடு நம் விஞ்ஞானிகள் நீண்ட காலம் சேர்ந்து உழைத்ததற்காகக் கொடுத்தது. எனக்கும் அதில் பெருமை உண்டு. ஆனால் அன்பளிப்பு ஆய்வு முடிவு ஆகாது. போன மாதம் இதே ஆள்தான் நடராஜரின் கட்டைவிரல் பூமியின் காந்த மையம் என்று எழுதினார். காந்த நடுக்கோடு என்பது உலகைச் சுற்றிப் போகிற கோடு, ஒரு புள்ளி அல்ல. அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போவதால்தான் 1963இல் ராக்கெட் விடக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். தில்லை அதற்கு வடக்கே கிட்டத்தட்ட மூன்று பாகை தள்ளி இருக்கிறது. அன்றைக்கும் பதில் வரவில்லை.

தில்லைக்கூத்தன்
கட்டைவிரலை இழுக்காதீர்கள். பேச்சு 432 பற்றி. வாசலா நடுவா என்பதா முக்கியம்? உள்ளே இருக்கிறார் அல்லவா?

பாளை அருள்
வாத்தியார் சார், லெமெத்ர் சங்கடப்பட்டார் என்பது உண்மைதான். ஆனால் அவர் கடவுளை விட்டுவிடவில்லை. பெருவெடிப்பின் மிச்ச வெப்பத்தைப் பென்ஸியாஸும் வில்சனும் 1965இல் பிடித்த செய்தி, 1966 ஜூனில் இறப்பதற்குச் சற்று முன்பு அவரை எட்டியது. நோயில் படுத்திருந்த அந்தக் குருவானவர் அதைக் கேட்டு எவ்வளவு மகிழ்ந்திருப்பார்! அதையும் சொல்லியிருக்கலாம். நீங்கள் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

பள்ளிவாத்தியார்
தன் கொள்கைக்குச் சான்று கிடைத்ததே என்று மகிழ்ந்திருப்பார். கடவுளுக்குச் சான்று கிடைத்தது என்று அல்ல. அந்த வேறுபாட்டைக் காப்பாற்றத்தான் அவர் பாடுபட்டார். அதைத்தான் நான் சங்கல்பம் சொல்கிறவர்களிடமும் கேட்கிறேன்.

கூட்டல் வேண்டும் என்பவர்களுக்கு: கழிந்த ஆறு மன்வந்தரமும் அவற்றை ஒட்டி வரும் சந்திக் காலங்களும் சேர்த்து 185 கோடியே 24 லட்சம். கழிந்த 27 மகாயுகம் 11 கோடியே 66 லட்சம். அதன்மேல் மூன்று யுகம் 38 லட்சத்து 88 ஆயிரம். கலியில் ஐயாயிரத்துச் சொச்சம். மொத்தம் 197 கோடியே 29 லட்சம். நம் முன்னோர் போட்ட கணக்கு. அவர்களை மதிக்கிறேன் என்பவர் அவர்கள் போட்ட விடையை அழித்துவிட்டு வேறு எண்ணை எழுதக்கூடாது. கல்பத்தின், அதாவது பிரம்மாவின் பகலின், நீளத்திலேயே நம்மவர்கள் ஒரே கருத்தில் இல்லை. ஆரியபட்டர் ஆயிரம் மகாயுகத்தை ஏற்காமல் 1008 என்று வைத்தார். அப்போது பகல் 435 கோடியே 45 லட்சம் ஆகிறது.

தில்லைக்கூத்தன்
435ஆ? பார்த்தீர்களா, 454க்கு இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! எடுத்து எங்கள் குழுவில் போடுகிறேன்.

பள்ளிவாத்தியார்
ஐயா, மொத்த நீளம் வேறு, கழிந்தது வேறு. எத்தனை தடவை சொல்வது?

தில்லைக்கூத்தன்
போட்டாயிற்று.