காவிரி தெற்கு மலைப் படங்கள்: பிக்மென்ட் பிரிண்ட் எங்கே போடலாம்?

வணக்கம். 2022-ல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரின சரணாலயத்தின் மலைப் படங்கள் பன்னிரண்டைக் கிருஷ்ணகிரியில் பார்வைக்கு வைக்கிறோம். இந்தக் காட்டை நம் ஊர்ப் பிள்ளைகள் அதன் நிஜ நிறத்தில் பார்க்க வேண்டும்.

அளவு 36க்கு 24 அங்குலம். ஃபைல் 6000க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 166 வருகிறது, நாலடி தள்ளி நின்று பார்க்கப் போதும். சிக்கல் நிறத்தில்தான். ஃபிளெக்ஸ் மெஷினில் பள்ளத்தாக்கின் நிழல் கறுப்பாக அடைத்துக்கொள்கிறது, பச்சை வெளிறுகிறது. மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்துத் திருத்தியாயிற்று. இல்லாவிட்டால் பிரிண்ட் இருண்டுதான் வரும்.

ஓசூர், தர்மபுரி பக்கம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காட்டன் பேப்பரில் பிக்மென்ட் மையால், அதாவது எளிதில் வெளிறாத நுண்துகள் மையால், அடிப்பவர்கள் யார்? அந்தப் பேப்பருக்கான ஐசிசி புரொஃபைல் (அதில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் ஃபைல்) தருவார்களா? முதலில் 8 அங்குலத் துண்டு ஒன்று சோதனைக்கு வேண்டும். பளபள லேமினேஷன் வேண்டாம், விளக்கொளி பட்டால் படம் மறைந்துவிடும்.