சபையின் பெயரில் காணி எழுத என்ன வழி?

மட்டுநகர் செயலாளர்:
எங்கள் சபைக் காணி 20 பேர்ச். 1994இல் சபையார் சீட்டுக் காசும் நகை அடகு வைத்த காசும் போட்டு வாங்கியது. காணி உறுதிப் பத்திரத்தைப் போதகர் ஐயாவின் பெயரில் எழுதிவிட்டார்கள். ஐயா போன வருடம் கர்த்தருக்குள் நித்திரையானார். பிள்ளைகள் மூவரும் கனடாவில். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் நாளைக்குப் பேரப்பிள்ளைகள் என்ன சொல்வார்களோ? பாராளுமன்றத்தில் சட்டமூலம் கொண்டுவந்து சபையைக் கூட்டிணைத்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

பழைய கிளாக்கர்:
தம்பி, நான் நொத்தாரிசு (உறுதிகளை அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) ஒருவரிடம் 31 வருடம் உறுதி எழுதியவன். கூட்டிணைத்தால் சபை சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகிவிடும். இடையறா வழியுரிமை (ஆட்கள் மாறினாலும் சபை தொடர்ந்து இருப்பது), பொது இலச்சினை (சபையின் முத்திரை), தன் பெயரில் வழக்காடும் உரிமை எல்லாம் வரும். போதகர் மாறினாலும் காணி அசையாது. ஆனால் ஐயா பெயரில் உள்ள காணி தானாகச் சபைக்கு வந்துவிடாது. பிள்ளைகள் முதுசம் தீர்த்து (தகப்பன் சொத்தின் வாரிசுரிமையைச் சட்டப்படி முடித்து) உறுதி எழுதித்தர வேண்டும். மறுத்தால், காசு கொடுத்தது சபைதான் என்று காட்டி 1917ஆம் ஆண்டு நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி (ஒருவர் பெயரில் இன்னொருவருக்காக வைத்திருக்கும் சொத்து பற்றியது) வழக்குப் போடலாம். அதற்குப் பழைய கணக்கு வேண்டும்.

சகோதரி, நீர்கொழும்பு:
சட்டமூலத்தில் நோக்கங்களை எழுதும் இடத்தில் மிகவும் கவனம். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையின் கூட்டிணைத்தல் சட்டமூலத்தை ஒருவர் உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தார். கன்னியருக்கு அறிவித்தல்கூட இல்லாமல் விசாரணை நடந்தது. கத்தோலிக்க அறிவைப் பரப்புவதும் பள்ளி, மருத்துவ உதவி போன்ற சேவைகளும் ஒன்றாக இருந்தது இலங்கை அரசியலமைப்பின் 9ஆம் (பௌத்தத்துக்கு முதன்மை இடம்), 10ஆம் (மத சுதந்திரம்) உறுப்புரைகளுக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்மானித்தது. கன்னியர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். அவர்களின் மத சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டதாக 2005இல் குழு சொன்னது. 1900 முதல் இந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சபை அது. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மட்டுநகர் செயலாளர்:
அப்படியானால் சட்டமூலம் வரும்வரை காணியை என்ன செய்வது?

பழைய கிளாக்கர்:
காத்திருக்காதீர்கள். நம்பிக்கைப் பொறுப்பு உறுதி எழுதி, நாலைந்து பொறுப்பாளர்களை நியமியுங்கள். ஒருவர் இறந்தால் அடுத்தவரை எப்படிச் சேர்ப்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு கம்பனிகள் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி (அங்கத்தவர் பொறுப்பு அவர்கள் உத்தரவாதம் தந்த தொகையோடு நிற்கும் கம்பனி) என்ற வழியும் இருக்கிறது, அதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கள். எதைச் செய்தாலும் பிள்ளைகள் மூவரும் உயிரோடு, ஒரே மனதாக இருக்கும்போதே அற்றோணித் தத்துவம் (அவர்களுக்காக இங்கே ஒருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கிவிடுங்கள்.

மட்டுநகர் செயலாளர்:
நன்றி ஐயா, சகோதரி. 1994 காசுப் புத்தகம் சபை அலுமாரியில் கிடைத்தது. பெயர் பெயராகத் தொகை எழுதியிருக்கிறார்கள். என் அம்மாவின் பெயருக்கு நேரே "காப்பு ஒரு சோடி" என்று இருக்கிறது. நாளைக் காலை எல்லாப் பக்கங்களையும் பிரதி எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போகிறேன்.